விற்பனைக்கு வந்த பாடத்திட்டம்

மாணவர் சேர்க்கைக் காலம் நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சர்வதேசப் பள்ளி என்று பெயர் சூட்டிக்கொண்ட தனியார் நிறுவனங்கள், தங்கள் தொடக்கப் பிரிவின் பாடத்திட்டத்தைப் பெற்றோருக்கு அறிமுகம் செய்யும் கூட்டங்களை நடத்துகின்றன. 2003ஆம் ஆண்டு ஆற்றிங்கலை அடுத்த கொராணிப் பகுதியில் திருவனந்தபுரம் இன்டர்நேஷனல் பள்ளி தொடங்கப்பட்ட காலத்தில் தலைநகர மாவட்டத்திற்கு இத்தகைய பள்ளி ஒரு புதுமை. இன்று கழக்கூட்டம் டெக்னோபார்க்கைச் சுற்றி வாழும் நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்கு இது ஓணக்காலத் துணிக்கடை விளம்பரத்தைப் போலப் பழகிப்போன ஒன்று. நாகர்கோவிலிலும் கோவையிலும் சென்னையிலும் நிலைமை வேறல்ல. ஆகவே இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றியதன்று. கல்வியின் உள்ளடக்கமே விற்பனைப் பண்டமாகும் ஒரு போக்கைப் பற்றியது.

இக்கூட்டங்களில் சொல்லப்படும் செய்தி ஏறத்தாழ ஒரே தன்மையது. குழந்தை மனப்பாடம் செய்யாது. கேள்வி கேட்டுக் கற்கும். பாடநூலே வேதம் என்ற நிலை இராது. மதிப்பெண் போட்டி இராது. ஆசிரியர் அதட்டமாட்டார், வழிகாட்டியாக உடனிருப்பார். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1968இல் தோன்றிய இன்டர்நேஷனல் பாக்கலரியேட் அமைப்பு 1997இல் அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம், 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. அது பாடங்களைத் தனித்தனியே பிரிக்காமல் ஆறு பெரும் கருப்பொருள்களின் கீழ்க் கற்பிக்கச் சொல்கிறது: நாம் யார், இடத்திலும் காலத்திலும் நாம் எங்கிருக்கிறோம், நம்மை எவ்வாறு வெளிப்படுத்துகிறோம், உலகம் எவ்வாறு இயங்குகிறது, நம்மை எவ்வாறு ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியைப் பகிர்ந்துகொள்ளல் என்பவை அவை. மாணவரிடம் வளர வேண்டிய பத்துப் பண்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. இறுதியாண்டில் குழந்தைகள் தாமே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து கண்காட்சியாகப் படைக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மற்றொரு திட்டம் 5 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் முதலியவற்றைப் படிநிலைகளாக வகுத்துத் தருகிறது.

இந்த விளக்கத்தில் பொய் இல்லை. இதைக் கேலி செய்து ஒதுக்கும் தோழர்கள் தவறு செய்கிறார்கள். குழந்தை கேள்வி கேட்டுக் கற்க வேண்டும் என்பதோ, அச்சமின்றிப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதோ எதிர்க்கப்பட வேண்டிய கருத்துகள் அல்ல. எதிர்க்கப்பட வேண்டியது வேறு. இக்கருத்துகள் எங்கே பிறந்தன, யாருக்காகப் பிறந்தன, இப்போது யார் கையில் எந்த விலையில் இருக்கின்றன என்பதே பெற்றோர் முன் வைக்கப்பட வேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு மட்டும் அறிமுகக் கூட்டங்களில் இடமில்லை.

சேரியில் பிறந்த கல்விமுறை

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மழலையர் பள்ளிப் பலகைகளில் மரியா மாண்டிசோரியின் பெயர் இன்று கட்டண உயர்வுக்கான முத்திரை. அவர் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் திறந்தார். அது தொழிலாளர் குடியிருப்பு. வறுமை மண்டிய பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகளே அவருடைய முதல் மாணவர்கள். 1939இல் இந்தியாவிற்கு வந்த அவர் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். தொழிலாளியின் குழந்தைக்காக உருவான அந்த முறை, தொழிலாளியின் குழந்தை நுழைய முடியாத கட்டடங்களில் இன்று விற்கப்படுகிறது.

இந்தப் பாடத்திட்டங்களின் கோட்பாட்டு அடித்தளமாக எடுத்துக்காட்டப்படும் மற்றொரு பெயர் லெவ் வைகோட்ஸ்கி. குழந்தை தனியாகச் செய்ய இயலாததைப் பிறர் துணையோடு செய்யும்போதுதான் அறிவு வளர்கிறது என்று காட்டிய அவர் ஒரு சோவியத் உளவியலாளர். 1934இல் மறையும் வரை, எழுத்தறிவற்ற பெரும் மக்கள்திரளைக் கல்விக்குள் கொண்டுவர முயன்ற புரட்சிகரச் சமூகத்தின் நடுவில் நின்று சிந்தித்தவர். கற்றல் என்பது அடிப்படையில் சமூகச் செயல்பாடு என்பது அவருடைய முடிவு. அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு சமூகத்தையே வாயிலுக்கு வெளியே நிறுத்தும் பள்ளியைப் பற்றி என்ன சொல்வது?

கேரளத்தின் சொந்த அனுபவம் இன்னும் தெளிவானது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அறிவியலைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டுசென்றது. 1970இல் அது குழந்தைகளுக்காகத் தொடங்கிய 'யுரீகா' இதழ், செய்து பார், உற்றுநோக்கு, கேள் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது. 1990களின் பிற்பகுதியில் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் செயல்பாட்டை மையமாகக் கொண்ட புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. குழுவாகக் கற்றல், சுற்றுப்புறத்தை ஆராய்தல், ஆசிரியரே அலகுகளைத் திட்டமிடுதல், மனப்பாடத்திற்கு மாற்றாகப் புரிதலை மதிப்பிடுதல் ஆகியவை ஓலைக்கூரைப் பள்ளிகளிலும் நடந்தன. 2005இல் பத்தாம் வகுப்புத் தேர்விலேயே மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை வந்தது.

அப்போது என்ன நடந்தது? எழுத்துத் தெரியாத தலைமுறை உருவாகிறது, பள்ளியில் ஆட்டமும் பாட்டும்தான் நடக்கிறது, வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை என்று வசதி படைத்த பகுதியினர் ஏளனம் செய்தனர். தங்கள் குழந்தைகளை மனப்பாடமும் சீருடைக் கட்டுப்பாடும் மிகுந்த ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர். அன்றைய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் உலக வங்கிக் கடனோடு இணைந்து வந்தது என்ற விமர்சனம் இடதுசாரி அணிகளிலும் எழுந்தது. கடனைப் பற்றிய அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. எனினும் கற்பித்தல் முறையைப் பற்றிய மேல்தட்டு ஏளனத்திற்குக் கடனோடு தொடர்பில்லை. கூலித் தொழிலாளியின் குழந்தை தரையில் வட்டமாக அமர்ந்து கேள்வி கேட்டால் அது ஒழுங்கின்மை. அதே வட்டத்தில் செல்வரின் குழந்தை அமர்ந்தால் அது விசாரணைவழிக் கற்றல். இருபத்தைந்து ஆண்டுகளில் மாறியது கற்பித்தல் முறையன்று. வட்டத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையின் வர்க்கம்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இது அறிமுகமான கதைதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. கற்றல் அட்டைகள், குழந்தையின் உயரத்திற்கு ஏற்பத் தாழ அமைந்த கரும்பலகைகள், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற இடம் தரும் ஏணிப்படிகள் ஆகியவை அன்றே ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருந்தன. ஆசிரியர் பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும் அம்முறையை நலியச் செய்தன என்பது உண்மை. ஆனால் தனியார் பள்ளி மேலாளர் ஒருவர் தனிக்கற்றல் பாதை என்று பெற்றோரிடம் விரித்துரைப்பதைப் பழைய மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்க நேர்ந்தால், அவருக்கு அதில் புதிதாக எதுவும் இராது.

விற்கப்படும் பொருள் எது?

கற்பித்தல் முறை புதிதல்ல என்றால் பெற்றோர் இலட்சங்களில் செலுத்தும் கட்டணம் எதற்கு? மூன்று பொருள்களுக்கு.

முதலாவது, குறைந்த மாணவர் எண்ணிக்கையும் பரந்த வளாகமும். இதில் மாயமில்லை. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருந்தால் எந்தப் பாடத்திட்டமும் சிறப்பாகவே நடக்கும். இது பாடத்திட்டத்தின் வெற்றியாகக் காட்டப்படுகிறது. உண்மையில் இது செலவழிக்கப்படும் பணத்தின் விளைவு. பொதுப் பணத்தைப் பொதுப் பள்ளியில் செலவழித்தாலும் அதே விளைவு உண்டாகும். 2017 ஜனவரியில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகள் உயர்தொழில்நுட்ப வசதி பெற்றன. 11,275 தொடக்கப் பள்ளிகளில் கணினி ஆய்வகங்கள் அமைந்தன. மூடப்படும் நிலையிலிருந்த பள்ளிகளுக்குக் குழந்தைகள் திரும்பி வந்தனர். கோழிக்கோடு மலாப்பறம்பில் 2014இல் மேலாளரால் இடிக்கப்பட்ட தொடக்கப் பள்ளியை மக்கள் விடவில்லை. 2016இல் அரசு அதை ஏற்றெடுத்தது.

இரண்டாவது, ஆங்கிலம். ஐந்து வயதுக் குழந்தையின் கேள்வி அதன் தாய்மொழியில்தான் பிறக்கிறது. கேள்வி கேட்டுக் கற்றலே உயிர்நாடி என்று சொல்லும் பாடத்திட்டம், அந்தக் கேள்வியை வேற்றுமொழியில் கேட்டால்தான் ஏற்பேன் என்று நிபந்தனை விதிப்பது அதன் உள்முரண். பாட்டியின் மொழியில் குழந்தைக்குத் தெரிந்த செடியும் மீனும் உறவுமுறையும் வகுப்பறையில் பெயரற்றுப் போகின்றன. மத்திய வாரியப் பள்ளிகள் உள்ளிட்ட எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு 2017இல் கேரளம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சொந்த மண்ணில் சொந்த மொழிக்குச் சட்டப் பாதுகாப்புத் தேவைப்பட்டது என்றால் சந்தையின் வலிமையை உணரலாம். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியின் தமிழ்க் குடும்பங்களுக்கும், மூணாறு, பீர்மேடு தோட்டத் தொழிலாளர்களுக்கும், சித்தூர் விவசாயிகளுக்கும் அந்த உரிமையை நிறைவேற்றித் தமிழ்வழி வகுப்புகளை நடத்துவது பொதுப் பள்ளிகளே. எந்தச் சர்வதேசப் பள்ளியும் அந்தச் சுமையை ஏற்க முன்வந்ததில்லை. ஏனெனில் அதில் இலாபம் இல்லை.

மூன்றாவது பொருளே முதன்மையானது. அது எந்த விளம்பர மடலிலும் அச்சிடப்படுவதில்லை. தன் குழந்தை யாருடன் அமரும், யாருடன் அமராது என்ற உறுதிமொழி அது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1910களில் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் புலையர் சமூகச் சிறுமி பஞ்சமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீயிட்டனர். அந்தத் தீயில் எஞ்சிய பலகை இன்றும் அப்பள்ளியில் காக்கப்படுகிறது. பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி பெயர்களைத் தாங்கி நிற்கிறது. தம் மக்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்கமாட்டோம் என்று அய்யன்காளியின் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு முன்பே பள்ளிக்கூட இருக்கைக்காக வேலைநிறுத்தம் செய்த வர்க்கம் அது. அன்று ஒரே பலகையில் அமர்வதைத் தடுக்கத் தீ தேவைப்பட்டது. இன்று கட்டணப் பட்டியலே போதுமானதாக இருக்கிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை. வாயில் அனைவருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே வருவோர் மட்டும் ஒரே தட்டினராக இருக்கிறார்கள்.

'பூமியைப் பகிர்ந்துகொள்ளல்' என்ற கருப்பொருளின் கீழ்க் காலநிலை மாற்றம் பற்றிய அலகு கற்பிக்கப்படலாம். அதே மாவட்டத்தின் வலியதுறையில் கடலரிப்பால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிமெண்டுக் கிடங்கிலும் பள்ளிக் கட்டடங்களிலும் தங்க நேர்ந்தது. 2018 பெருவெள்ளத்தின்போது திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து லாரிகளில் படகுகளை ஏற்றிச் சென்று முன்பின் அறியாத மனிதர்களைக் காப்பாற்றியவர்கள் அந்த மீனவர்களே. பகிர்தல் என்றால் என்ன என்பதைப் பள்ளிக் குழந்தைக்கு அவர்களைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்? அவர்களுடைய குழந்தை அருகில் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்த அலகுக்குத் தனி அட்டைகள் தேவையில்லை. அந்தக் குழந்தை இல்லாத வகுப்பில் பூமியைப் பகிர்தல் பற்றிய கண்காட்சி எத்துணை வண்ணமயமாக இருந்தாலும் அது வெறும் காட்சியே.

யார் முடிவு செய்கிறார்கள்?

அறிமுகம் என்ற சொல்லையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். முடிந்துபோன ஒன்றைத்தான் அறிமுகப்படுத்துவார்கள். பாடத்திட்டம் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது; பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டு, பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து செல்லலாம். அலகுகளின் விவரங்களைப் பள்ளி தன் விருப்பப்படி வகுக்க இடமுண்டு. ஆயினும் சட்டகத்தை வகுப்பதும், பள்ளியை அங்கீகரிப்பதும், அதற்காக ஆண்டுக் கட்டணம் பெறுவதும் வெளியே உள்ள அமைப்பு. இலாப நோக்கற்ற அமைப்பு என்று அது தன்னைக் கூறிக்கொள்வதால் இந்த உறவு மாறிவிடவில்லை. கேரளத்தின் சட்டமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி எழுப்ப இயலாது. வாடிக்கையாளர் என்ற தகுதியைத் தவிர வேறெந்தத் தகுதியும் அங்கே பெற்றோருக்கு இல்லை.

இதற்கு மறுதலையான வரலாறும் இதே திருவனந்தபுரத்தில்தான் எழுதப்பட்டது. 1957இல் கல்வியமைச்சர் ஜோசப் முண்டச்சேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் மேலாளர்களின் கொத்தடிமைகளாக இருந்த ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் வழங்கவும், நியமனத்தை ஒழுங்குபடுத்தவும் முற்பட்டது. அதற்காகவே சாதி, மத, நிலவுடைமைச் சக்திகள் ஒன்று சேர்ந்து 'விமோசன சமரம்' நடத்தின. 1959 ஜூலை 31 அன்று இ.எம்.எஸ். அமைச்சரவை கலைக்கப்பட்டது. பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்காக ஓர் அரசு தன் ஆட்சியையே விலையாகக் கொடுத்தது.

2008இல் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் மதமற்ற வாழ்வு பற்றி ஒரு பாடம் இடம்பெற்றதற்காகப் பாடநூல்கள் தீக்கிரையாயின. மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர் கூட்டத்திற்கு எதிரான போராட்டத்தின்போது தாக்கப்பட்ட தலைமையாசிரியர் ஜேம்ஸ் அகஸ்டின் உயிரிழந்தார். பொதுப் பள்ளியின் பாடத்திட்டம் ஒரு சமூகத்தின் நடுவில் நிற்கிறது. அதற்காக மனிதர்கள் சண்டையிடுகிறார்கள், உயிரையும் இழக்கிறார்கள். குளிரூட்டப்பட்ட அரங்கில் அறிமுகமாகும் பாடத்திட்டத்திற்கு இத்தகைய ஆபத்து எதுவும் நேராது. அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

2022இல் புதிய பாடத்திட்டச் சட்டகத்தை உருவாக்கும்போது கேரளம் அதைப் பொது விவாதத்திற்கு வைத்தது. பெற்றோரும் ஆசிரியரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் கூட்டங்களில் கருத்துரைத்தார்கள். வகுப்பறைகளில் மாணவர்களிடமே கேட்கப்பட்டது. எல்லாக் கூட்டங்களும் சிறப்பாக நடந்தன என்றோ, சொல்லப்பட்ட எல்லாக் கருத்துகளும் ஏற்கப்பட்டன என்றோ யாரும் உரிமை கோர வேண்டியதில்லை. கேட்கப்பட்டார்கள் என்பதே அடிப்படை வேறுபாடு. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களிலிருந்து முகலாயர் வரலாற்றையும் காந்தி படுகொலை பற்றிய பகுதிகளையும் நீக்கியபோது, மேல்நிலை வகுப்புகளுக்குக் கேரளம் கூடுதல் பாடநூல்களை வெளியிட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒன்றிய அரசின் காவிப் பாடநூலுக்கு எதிராக ஒரு மாநிலத்தால் இதைச் செய்ய முடிந்தது, அங்கே பொதுக் கல்வி உயிரோடு இருப்பதனால்தான். பணம் படைத்தோர் சர்வதேசப் பாடத்திட்டத்திற்குள் ஒதுங்கிவிட்டால் காவிப் பாடநூலை எதிர்க்க அவர்களுக்குக் காரணமே இராது. அது அவர்களுடைய குழந்தையின் பையில் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

தன் உழைப்பால் வந்த பணத்தைத் தன் குழந்தைக்குச் செலவழிப்பதைத் தடுக்க யாருக்கு உரிமை என்று கேட்கிறார்கள். தனிமனிதரைத் தடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. கல்வியைத் தனிமனிதத் தேர்வாக மாற்றிய கொள்கையைப் பற்றியதே பேச்சு. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, அருகமைப் பள்ளிகளை அடிப்படையாகக் கொண்ட பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அது கம்யூனிஸ்டுகளின் அறிக்கையன்று. காங்கிரஸ் அரசு அமைத்த குழுவின் அறிக்கை. அதைக் கைவிட்ட ஆளும் வர்க்கம், பின்னர் நவதாராளமயக் காலத்தில் தேர்வுச் சுதந்திரம் என்ற பெயரில் பிரிவினையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேலும், இக்கூட்டங்களுக்குச் செல்லும் பெற்றோர் பலர் முதலாளிகள் அல்லர். 1990இல் இடது முன்னணி அரசு நிறுவிய டெக்னோபார்க்கில் மாத ஊதியத்திற்கு உழைப்பவர்கள். எந்த நாளிலும் வேலை இழக்கக்கூடியவர்கள். அவர்களில் பலர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படித்து வந்தவர்கள். வீட்டுக்கடனுக்கு மேல் பள்ளிக் கடனும் சேர்ந்து அவர்களை நிறுவனத்திற்கு இன்னும் இறுகக் கட்டிப்போடுகிறது. அவர்களை எதிரிகளாகப் பார்ப்பது அரசியல் தவறு. பொதுப் பள்ளிக்கு மீட்டுக் கொண்டுவரப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

அரசுப் பள்ளிகளில் குறைகள் இல்லையா என்று கேட்கிறார்கள். உண்டு. ஆசிரியர் பணியிடங்கள் காலியாகும் இடங்களில் நாட்கூலி அடிப்படையில் நியமனம் நடக்கிறது. மழலையர் பிரிவு ஆசிரியைகளும் ஆயாக்களும் சொற்ப மதிப்பூதியத்தில் உழைக்கிறார்கள். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்கும் ஏற்பாடு எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. அண்மை ஆண்டுகளில் முதல் வகுப்புச் சேர்க்கை குறைந்து வருகிறது. பிறப்பு விகிதம் குறைந்தது அதற்கு ஒரு காரணம், ஒரே காரணமன்று. இக்குறைகளை மறைத்துப் பேசுவது சர்வதேசப் பள்ளிகளுக்கே துணைபோகும். குறையுள்ள பொதுப் பள்ளியைப் போராடிச் சீர்செய்யலாம். விலையுயர்ந்த தனியார் பள்ளியை மக்கள் போராடிப் பொதுவாக்க முடியாது.

பொதுப் பள்ளிகளைச் 'சர்வதேசத் தரத்திற்கு' உயர்த்துகிறோம் என்ற முழக்கத்தை இடதுசாரிகளே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு பள்ளிக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கியபோதும் இச்சொல்லே முன்னின்றது. கட்டடமும் கணினியும் வந்தது நன்று. ஆனால் தரத்தின் அளவுகோலைச் சந்தையிடமிருந்து கடன் வாங்கினால், அந்த அளவுகோலில் சந்தையே எப்போதும் முந்தி நிற்கும். சர்வதேசம் என்ற சொல் 1864இல் லண்டனில் கூடிய தொழிலாளர்கள் தங்கள் அமைப்பின் பெயரில் ஏந்திய சொல். நாடுகளின் எல்லைகளைக் கடந்து உழைப்பவர் ஒன்றுபடுவது அவர்கள் அதற்கு அளித்த பொருள். பக்கத்துத் தெருக் குழந்தையுடன் அமர மறுக்கும் இடத்திற்கு அப்பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு கட்சியை நோக்கி வருவது: உங்கள் உறுப்பினர்களின் குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள்? எதிராளிகள் இதைத் தீய நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். கேள்வி மட்டும் நியாயமானது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறுவோர் தம் குழந்தைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணை நடைமுறைக்கு வரவில்லை. அதன் தருக்கம் இன்றும் அசைக்க முடியாதது. முடிவெடுப்போரின் குழந்தைகள் அமராத இருக்கை ஒருபோதும் சரிசெய்யப்படுவதில்லை. பொதுக் கல்வியைக் காப்போம் என்று மேடையில் பேசிவிட்டுச் சர்வதேசப் பள்ளியின் அறிமுகக் கூட்டத்தில் வாடிக்கையாளராக அமரும் உறுப்பினர், தாம் பேசியதைத் தாமே மறுக்கிறார். இதைக் குடும்ப விவகாரம் என்று கிளைகள் கண்டும் காணாமல் விடுவது தகாது. கண்டனத்தைவிட விவாதமே இங்கு முதலில் தேவை: உறுப்பினரின் வீட்டில் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் எது குறையாக இருந்தது, அக்குறையைத் தீர்க்கக் கிளை என்ன செய்தது?

செய்யத்தக்கவை

கேரளத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில் பிரவேசனோத்சவம் என்ற பெயரில் பள்ளித் திறப்பு விழா நடைபெறுகிறது. தோரணமும் இனிப்பும் அன்று வருகின்றன. பெற்றோர் முடிவெடுப்பதோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. சர்வதேசப் பள்ளிகள் இதை அறிந்திருக்கின்றன. கட்சிக் கிளைகள் பல அறியவில்லை. ஒவ்வொரு கீழ்த் தொடக்கப் பள்ளியிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே அப்பகுதிப் பெற்றோரின் கூட்டத்தை நடத்த முடியும். ஆசிரியர் சங்கத் தோழர்களும் பரிஷத் ஊழியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அதில் கைகோக்கலாம். பொதுப் பாடத்திட்டம் எதைக் கற்பிக்கிறது, எப்படிக் கற்பிக்கிறது, ஏன் தாய்மொழியில் கற்பிக்கிறது என்பதை வகுப்பறையிலேயே, குழந்தைகள் செய்த வேலைகளைக் காட்டியே விளக்கலாம். சாலைக் கடைவீதியிலும் தோட்டப் பகுதிகளிலும் அக்கூட்டம் தமிழில் நடைபெற வேண்டும்.

அக்கூட்டத்திற்கும் தனியார் பள்ளியின் அறிமுகக் கூட்டத்திற்கும் உள்ள வேறுபாடு பெற்றோரின் வாயிலிருந்து வர வேண்டும். கழிப்பறை ஏன் அடைத்துக் கிடக்கிறது, ஆங்கில ஆசிரியர் எப்போது வருவார், பேருந்து ஏன் நிற்பதில்லை, பாடநூலில் மீனவரின் வாழ்வு ஏன் இல்லை என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அக்கேள்விகளைக் குறித்துவைத்து ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் கல்வித் துறைக்கும் கொண்டுசென்று, அடுத்த கூட்டத்தில் விடையோடு வருவது கிளையின் வேலை. அடுத்த கூட்டத்திலும் விடை கிடைக்காத கேள்விக்குப் போராட்டம் உண்டு.

ஊரூட்டம்பலத்தில் தீயில் எஞ்சிய அந்தப் பலகை ஓர் அருங்காட்சிப் பொருளாக முடிந்துவிடுவதற்காக அய்யன்காளியின் தொழிலாளர்கள் பட்டினி கிடக்கவில்லை. அனைவரின் குழந்தைகளும் ஒரே இருக்கையில் அமர வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. ஆகவே அந்த வேலைநிறுத்தமும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.